எழுத்தும் விதியும்

'தலையெழுத்து' என்னுஞ் சொல் நம் மக்களின் நாவிலே ஊறிப்போன சொல்லாகும். பயிர் கருகினாலும், பிள்ளை பரீட்சையிலே தவறினாலும், இளம் வயதிலே ஒருவன் நோயுற்று மாண்டாலும் அச்சொல்லே ஆறுதலாகவும் முடிவாகவும் வந்து நிற்கின்றது. ஆறுதல் தருவதால் அது மக்களிடையே நிலைத்தது. கேள்வியை அடைத்துவிடுவதால் அதிகாரமுடையோருக்கும் உவப்பாயிற்று. எழுதியவன் யார், எழுதியது யாது, அதனை மாற்ற வழியுண்டா என்று எவருங் கேட்பதில்லை. எழுத்து என்று சொன்ன மாத்திரத்திலே மாற்றமின்மையும் அதனுள் அடங்கிவிடுகின்றது.

படித்தவர்கள் இன்று இச்சொல்லைச் சொல்லக் கூசுவர். ஆயினும் அதே கருத்து வேறோர் உடையணிந்து அவர்களிடமும் வந்து சேர்ந்திருக்கின்றது. குடிவெறியும் குற்றச்செயலும், கல்வித் திறனும் கலைத் திறனும், வறுமையுங்கூடப் பரம்பரை அலகுகளிலே எழுதப்பட்டிருப்பதாக அவர்கள் பேசக் கேட்கின்றோம். பிரமன் இருந்த ஆசனத்திலே டீ.என்.ஏ. அமர்த்தப்பட்டுவிட்டது. ஏடும் எழுத்தாணியும் மாறினவேயன்றித் தீர்ப்பு மாறவில்லை.

பிறக்கும்போதே நம் கலங்களிலே எழுதப்பட்டிருப்பது நமது விதியாகுமா? அவ்வெழுத்தின் செயற்பாட்டைக் கட்டுப்படுத்த மனிதன் கற்றுக்கொள்வானாயின், விதி இருந்த இடத்திலே எது வந்து நிற்கும்? இவ்வினாக்களை ஆராய்வதற்கு இரசாயனத்தின் ஒரு சிறு மூலைக்குச் செல்லுதல் பயன்தருமென்பது நமது எண்ணம். டீ.என்.ஏ.யின் வழமைக்கு மாறான வடிவங்களைப் பற்றிக்கொண்டு, பரம்பரை அலகுகளின் வெளிப்பாட்டைக் கட்டுப்படுத்தவல்ல சிறு மூலக்கூறுகளைப் பற்றிய ஆய்வே நாம் கருதுவது.

1953ஆம் ஆண்டிலே வாட்சன், கிறிக் என்னும் இருவரும் டீ.என்.ஏ.யின் இரட்டைச் சுருள் அமைப்பை வெளியிட்டனர். றொசலின்ட் பிராங்ளினின் ஆய்வுகூடத்திலே பெறப்பட்ட எக்ஸ் கதிர்ப் படம் ஒன்று அவர் அறியாமலே வாட்சனுக்குக் காட்டப்பட்டமையும், 1958இல் அவர் இறந்தபின் 1962இல் நோபல் பரிசு வாட்சன், கிறிக், வில்கின்ஸ் ஆகிய மூவருக்கும் அளிக்கப்பட்டமையும் பலரும் அறிந்த செய்திகள். இரு புரிகள் முறுக்கிய கயிறு போன்ற அவ்வடிவம் பாடநூல்களிலும் சுவர்ப் படங்களிலும் இடம்பெற்று, உயிரின் முத்திரையே ஆகிவிட்டது. அடினின், தைமின், குவனின், சைற்றோசின் என்னும் நான்கு எழுத்துக்களால் ஆன, ஏறத்தாழ 300 கோடி எழுத்து நீளமுள்ள நூலாக மனிதன் காணப்பட்டான். நூல் என்று கண்டபின், அதனை விதிநூல் என்று கொள்ளுதல் எளிதாயிற்று. இரட்டைச் சுருளைக் கண்டவர்களுள் ஒருவரான வாட்சனே மனிதரின் விதி பெரும்பாலும் பரம்பரை அலகுகளில் உள்ளதென்று கூறிவந்தார். 2007இல் கறுப்பின மக்களின் அறிவாற்றல் பற்றி இழிவாகவும் பேசினார். முன்னர் அவர் தலைமை தாங்கிய ஆய்வு நிறுவனம் 2019இல் அவருக்கு அளித்திருந்த கௌரவப் பட்டங்களை மீளப் பெற்றுக்கொண்டது.

இவ்வெண்ணம் வெறும் பேச்சோடு நின்றதன்று. டீ.என்.ஏ.யின் வடிவம் அறியப்படுமுன்னரே, 1933இல் நாஸி ஜெர்மனி இயற்றிய சட்டத்தின்கீழ் 'பரம்பரைக் குறையுடையோர்' எனப்பட்ட ஏறத்தாழ 4 இலட்சம் பேர் கட்டாயமாக மலடாக்கப்பட்டனர். அமெரிக்காவிலே அத்தகைய சட்டமொன்றை 1927இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றமே செல்லுமென்று ஏற்றது. பிறப்பை விதியெனக் கொண்டவர்கள் கையிலே அதிகாரம் சேர்ந்தபோது நிகழ்ந்தவை இவை.

ஆயின் விஞ்ஞானம் அவர்கள் நிறுத்திய இடத்திலே நிற்கவில்லை. 1961இல் பிரான்ஸ் தேசத்து ஜாக்கோப், மொனோ என்னும் இருவரும், பக்ரீறியாவிலே பரம்பரை அலகு ஒன்று எப்போதும் பேசிக்கொண்டிருப்பதில்லை, சூழலிலே உள்ள வெல்லத்துக்கேற்பப் பேசவும் வாய்மூடவுஞ் செய்கின்றது என்பதை விளக்கினர். நமது ஈரற் கலத்திலும் நரம்புக் கலத்திலும் உள்ள எழுத்துக்கள் ஒன்றே. எவ்வெழுத்து எங்கே எப்பொழுது வாசிக்கப்படுகின்றது என்பதே ஈரலை ஈரலாகவும் நரம்பை நரம்பாகவும் ஆக்குகின்றது. எழுதப்பட்டிருத்தல் வேறு, வாசிக்கப்படுதல் வேறு என்பது இதனாற் தெளிவாயிற்று.

இதனினும் வியப்பானது, எழுத்தின் வடிவமே ஒன்றன்று என்பது. 1910ஆம் ஆண்டிலேயே ஐவார் பாங் என்பவர் குவனிலிக் அமிலத்தின் கரைசல் பாகுபோல உறைவதைக் குறித்துவைத்தார். காரணம் அப்பொழுது விளங்கவில்லை. அரை நூற்றாண்டு கழித்து, இரட்டைச் சுருளுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்ட அதே 1962ஆம் ஆண்டிலே, அமெரிக்காவில் கெல்லேர்ட், லிப்செற், டேவிஸ் ஆகிய மூவரும் அக்காரணத்தைக் கண்டனர். நான்கு குவனின்கள் ஒரு சதுரத்தின் நான்கு மூலைகளிலே நின்று, அடுத்தடுத்துக் கைகோத்தாற்போல ஐதரசன் பிணைப்புகளால் இணைந்து ஒரு தட்டாகின்றன. தட்டுகள் ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்படுகின்றன. டீ.என்.ஏ.யின் ஒரு புரியிலே குவனின்கள் கூட்டங் கூட்டமாக நான்கு இடங்களில் வருமாயின், அப்புரி தன்மேற்றானே மடிந்து இத்தகைய அடுக்காக நிற்கக்கூடும். நாற்புரி என்று இதனை நாம் அழைக்கலாம்.

இந்த நாற்புரி நிற்பதும் குலைவதும் எழுத்தைமட்டும் பொறுத்ததன்று. தட்டுகளின் நடுவே உள்ள வெளியிலே பொற்றாசிய அயன் வந்து பொருந்தினால் அமைப்பு உறுதியாக நிற்கும். சோடியத்தோடு அத்துணை உறுதியில்லை. இலிதியக் கரைசலிலே அது பெரும்பாலும் தளர்ந்துவிடும். நிறமூர்த்தங்களின் நுனியிலுள்ள எழுத்துத் தொடர் சோடியத்திலே ஒருவகையாகவும் பொற்றாசியத்திலே வேறொருவகையாகவும் மடிகின்றது. எழுத்து ஒன்றே; உப்பு மாற உருவம் மாறுகின்றது. போதாதென்று, இந்நாற்புரிகளை அவிழ்த்துவிடுவதற்கென்றே நொதியங்களும் நம் கலங்களிலே இயங்குகின்றன.

பல்லாண்டுகளாக இது சோதனைக் குழாயின் விளையாட்டென்றே பலர் கருதினர். 2013இல் கேம்பிறிஜ் பல்கலைக் கழகத்திலே சங்கர் பாலசுப்பிரமணியனும் அவர்தம் குழுவினரும், நாற்புரியைமட்டும் இனங்கண்டு பற்றும் பிறபொருளெதிரி ஒன்றினால் மனிதக் கலத்தினுள்ளேயே அதனைக் காட்டினர். 2015இல் அவர்கள் மனித டீ.என்.ஏ.யைப் பிரித்தெடுத்துச் சோதித்தபோது, நாற்புரியாக மடியத்தக்க இடங்கள் 7 இலட்சத்துக்கு மேலெனக் கண்டனர். ஆயின் 2016இல் கலத்தினுள்ளே, புரதங்களோடு பிணைந்து கிடக்கும் நிலையிலே தேடியபோது, இடைவிடாது பெருகும் இயல்பு பெற்ற தோற் கலங்களிலே காணப்பட்டவை ஏறத்தாழ 10,000 மாத்திரமே. சாதாரணத் தோற் கலங்களிலே அவை அதனினும் மிகக் குறைவு. காணப்பட்டவற்றுட் பலவும், பரம்பரை அலகுகள் உரத்துப் பேசுகின்ற இடங்களின் வாயிலிலேயே நின்றன.

இவ்விரு எண்களையும் அருகருகே வைத்து நோக்குதல் வேண்டும். 7 இலட்சம் என்பது எழுத்திலே உள்ள ஆற்றல். 10,000 என்பது அவ்வாற்றலிலே மெய்யாகியது. இடையிலே நிற்பவை கலத்தின் நிலை, அதனைச் சூழ்ந்த உப்பு, புரதங்களின் பொதிவு, காலம் ஆகியன. இருக்கக்கூடியதெல்லாம் இருப்பதில்லை, இருப்பது, நிலைமைகளாலே அழைக்கப்பட்டு வந்தது. இயக்கவியலைப் பயின்றோர்க்கு இது புதியதன்று. எனினும் உயிரின் உள்ளறையிலே அதனைக் கண்கூடாகக் காண்பது பெரும்பேறாகும்.

இங்குத்தான் சிறு மூலக்கூறுகளின் கதை தொடங்குகின்றது. தட்டையான உருவமுடைய சில மூலக்கூறுகள் நாற்புரியின் மேற்றட்டிலே மூடிபோலப் படிந்து அதனைக் குலையாது நிறுத்தவல்லன. மண்ணிலே வாழும் ஒருவகைப் பக்ரீறியாவிலிருந்து யப்பானியர் 2001இல் அறிவித்த தெலோமெஸ்ரற்றின் அவற்றுள் ஒன்று. 2002இல் அமெரிக்காவிலே ஹேர்லி என்பவரின் குழு, பல புற்றுநோய்களிலே அளவுக்கு மீறி இயங்கும் 'மிக்' என்னும் பரம்பரை அலகின் வாயிலிலே நாற்புரி அமைவதையும், தட்டையான வளைய மூலக்கூறு ஒன்றால் அதனை நிலைநிறுத்தியபோது அவ்வலகின் வெளிப்பாடு தாழ்வதையும் காட்டிற்று. எழுத்திலே ஒன்றையேனும் அழிக்கவில்லை, ஒன்றையேனும் சேர்க்கவில்லை. எழுத்து நின்ற கோலத்தைமட்டும் பற்றிப் பிடித்தார்கள், வாசிப்பு மாறிற்று.

தலையெழுத்து என்னுங் கோட்பாட்டுக்கு இதனினும் கூரிய மறுப்பு வேண்டுமோ என்று சிலர் மகிழலாம். ஆனால் விதியை மறுப்பது ஒன்று. விரும்பியதெல்லாம் நிகழும் என்பது முற்றிலும் வேறொன்று. முற்போக்காளர் இவ்வேறுபாட்டை மறந்தபோது விளைந்த கேட்டை வரலாறு அறியும்.

சோவியத் நாட்டிலே லைசென்கோ என்பவர், பயிர்களின் பரம்பரை இயல்பையே சூழலினால் விரும்பியவாறு திருத்திவிடலாமென்றார். அவர் கொள்கை காதுக்கு இனியதாயிருந்தது. மனிதனையும் அவ்வாறே திருத்தலாமென்ற நம்பிக்கைக்கு உரமூட்டிற்று. அதனை மறுத்த பெருவிஞ்ஞானி வவிலோவ் 1940இலே கைதாகி, 1943இலே சரத்தோவ் சிறையிலே மாண்டார். உலகின் பசியைத் தீர்க்க விதைகளைத் தேடித் திரட்டியவர் அவர். 1948 ஆகஸ்டிலே பரம்பரையியல் அங்கு அரச ஆணையால் வாயடைக்கப்பட்டது. நாஸியரை எதிர்த்துத் தலைமறைவு இயக்கத்திலே பொதுவுடைமையாளராய்ப் போராடிய மொனோ அவ்வாண்டே லைசென்கோவின் வெற்றியிலே விஞ்ஞானம் ஏதுமில்லையென்று எழுதினார். பிரித்தானியப் பொதுவுடைமைக் கட்சியின் புகழ்பெற்ற விஞ்ஞானியான ஹோல்டேனும், இவ்விவகாரத்தின் பின்னர்க் கட்சியை விட்டு விலகினார். பின்னாளிலே இந்தியாவுக்கு வந்து 1964இல் புவனேசுவரத்திலே உயிர்நீத்தவர் அவரே.

நாற்புரியைக் காட்டி லைசென்கோவுக்கு மறுவாழ்வு அளிக்க எவரும் முனைதல் ஆகாது. பொற்றாசியம் எழுத்தை மாற்றுவதில்லை. எழுத்தின் கோலத்தைமட்டுமே மாற்றுகின்றது. அதுவும் குவனின்கள் அவ்வாறு வரிசைப்பட்டிருக்கும் இடத்திலன்றி வேறெங்கும் அதனால் நாற்புரியை ஆக்க முடியாது. எழுத்துக்கு உரிய வலிமை எழுத்துக்கு உண்டு. அவ்வலிமையை அறிந்தவனே அதன் எல்லையையும் அறிவான். சுதந்திரம் என்பது இயற்கையின் நியதிகளை மறுப்பதிலன்று, அவற்றை அறிந்து பயன்கொள்வதிலே உள்ளது என்னும் எங்கெல்ஸின் சிந்தனை இங்கு நினைக்கத்தக்கது.

மருந்தாய்வின் வரலாறும் இதே பாடத்தையே கூறுகின்றது. 'மிக்' அலகை அடக்கும் நோக்கோடு உருவாக்கப்பட்ட குவார்புளொக்சின் என்னும் மூலக்கூறு, கலத்தினுள்ளே வேறோரிடத்திலே சேர்ந்து வேறொரு தொழிலைத் தடுப்பது பின்னர்த் தெரியவந்தது. மனிதரிடையே நடந்த பரிசோதனையிலே அது இரண்டாங் கட்டத்தைத் தாண்டவில்லை. சீ.எக்ஸ். 5461 என்ற மற்றொன்று கனடாவிலே 40 நோயாளருக்குக் கொடுக்கப்பட்டு, 2022இல் முடிவுகள் வெளியாயின. சிலருக்குப் பயன் கிட்டிற்று. சிலருக்குத் தோலும் கண்ணும் ஒளியைத் தாங்காதனவாயின. 2024இல் வெளியான ஆய்வொன்று, வளர்ப்பு ஊடகத்திலுள்ள மனிதக் கலங்களிலே அதே பொருள் எழுத்துப் பிழைகளைப் பெருமளவிலே உண்டாக்குவதைக் காட்டியது. கோலத்தைமட்டும் பற்றச் சென்ற கை எழுத்தையே கீறிவிட்டது. ஆயிரக்கணக்கான வாயில்களிலே ஒரேவகைப் பூட்டு இருக்குமாயின், ஒரு திறவுகோல் எத்தனை கதவுகளைத் தொடுமென்பதைப் பொறுமையோடு ஆராய்தல் வேண்டும். பொறுமையற்ற நம்பிக்கையும் ஒருவகை மூடநம்பிக்கையே.

இன்னொரு தவறான முடிவையும் இங்குத் தவிர்த்தல் வேண்டும். டீ.என்.ஏ. நெகிழ்வுடையது, ஆகவே மனிதர் சமமானவர் என்று சிலர் வாதிக்கக்கூடும். நல்ல நோக்கமுடைய வாதமாயினும் அது வலுவற்றது. மனித சமத்துவத்தைச் சோதனைக் குழாயிலே அடகுவைத்தால், நாளை வேறொரு சோதனைக் குழாய் அதனை மீட்டுக்கொண்டு போய்விடும். ஒருவன் மற்றொருவனுக்கு அடிமையாகலாகாது என்பது ஆய்வுகூடத்திலே கண்டறியப்பட்ட செய்தியன்று. அது மனிதர் போராடி நிலைநாட்டிய அறம். கண்பார்வையிலும் உடல்வலுவிலும் மனிதர் வேறுபடினும் அவ்வறம் குறைவதில்லை. விஞ்ஞானம் செய்யக்கூடியது ஒன்றே: சமத்துவமின்மைக்கு இயற்கையைச் சாட்சிக்கு அழைக்கும் பொய்யனின் சாட்சியை அது முறியடிக்கும். அதுவே பெரிய உதவி.

அச்சாட்சி நமது பாடசாலைகளிலும் அழைக்கப்படுகின்றது. ஆசிரியர் அறையிலே, 'படிப்பு அவன் இரத்தத்திலே இல்லை' என்ற தீர்ப்பு எத்தனை பிள்ளைகளின்மீது எழுதப்படுகின்றது! அப்பிள்ளை காலையிலே உண்டு வந்தானா, அவன் வீட்டிலே இரவிலே விளக்கு உண்டா என்ற வினாக்கள் அத்தீர்ப்பினால் மூடப்படுகின்றன. இதன் மறுபக்கமும் உண்டு. மேலே கூறிய பாலசுப்பிரமணியன் சென்னையிலே பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே இங்கிலாந்து சென்றவர். அதனை அறிந்தவுடன் 'இரத்தம் பேசுகின்றது' என்று மார்தட்டுவோர் நம்மிடையே உளர். பிறப்பினாற் பெருமை கொள்வதும் பிறப்பினால் இழிவு கூறுவதும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள். அவர் பேசுமளவுக்கு அவருக்குப் பள்ளியும் பல்கலைக் கழகமும் கருவிகளும் கூட்டாளிகளும் கிடைத்தனர் என்பதே நமக்குப் பாடமாகத்தக்கது. அதே ஊரிலே அதே ஆண்டிலே பிறந்து இவை கிடைக்காதோரின் ஆற்றல்கள் எத்தனை மடியாமலே கிடந்து மறைந்தனவோ!

இனி நமது இரண்டாவது வினாவுக்கு வருவோம். விதி விலகிய இடத்திலே எது வந்து நிற்கின்றது? பொறுப்பு வந்து நிற்கின்றது என்பதே நமது விடை. ஒரு நோயைத் தடுக்க வழியே இல்லாதபோது இறப்பவனை இயற்கை கொன்றதென்று கூறலாம். வழி கண்டபின், அவ்வழி அவனுக்கு எட்டாமற்போனால், அவனைக் கொன்றது இயற்கையன்று. மனிதர் செய்துகொண்ட ஏற்பாடு. நாற்புரியைப் பற்றும் மருந்துகள் இன்னும் பொது மருத்துவமனைகளை வந்தடையவில்லை. வந்தபின் பேசலாமே என்பார் இதனை உணர்தல் வேண்டும்: மருந்து வருமுன்னரே அதன் விலையும் உரிமையும் தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றன.

வேறொரு சிறு மூலக்கூறின் அனுபவம் நம் கண்முன் உள்ளது. ஒருவகை இரத்தப் புற்றுநோயை அடக்கும் இமாற்றினிப் என்னும் மருந்து இந்தியாவிலே மாதமொன்றுக்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாவுக்கு விற்கப்பட்டது. அங்குள்ள பிற உற்பத்தியாளர் அதனை ஏறத்தாழ 10,000 ரூபாவுக்குத் தந்தனர். 2013 ஏப்ரல் 1ஆந் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் பெரிய கொம்பனியின் காப்புரிமைக் கோரிக்கையை மறுத்தது. அத்தீர்ப்பு வேறாக இருந்திருப்பின் எத்தனை நோயாளரின் 'தலையெழுத்து' மாறியிருக்கும்! எழுதுகோல் எவர் கையிலே உள்ளதென்பது அங்கு வெளிப்படையாயிற்று. நமது நாட்டிலும், 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதற்றலைவரான பேராசிரியர் சேனக பிபிலே, வணிகப் பெயர்களை நீக்கி மருந்தின் உண்மைப் பெயரால் மலிவாகக் கொள்வனவு செய்யும் கொள்கையை வகுத்தபோது செய்தது இதுவே. மருந்தின் விலை இயற்கை விதியன்று என்பதை அவர் செயலிலே காட்டினார்.

பொறுப்பு என்று நாம் கூறுவதை நோயாளியின் தலையிலே ஏற்றுவோரும் உளர். 'விதி இல்லை, ஆகவே உன் நோய்க்கு நீயே காரணம், உண்டது பிழை, வாழ்ந்தது பிழை' என்பர். இது விதிக்கொள்கையினும் கொடியது. சூழலை ஆக்கும் அதிகாரம் எவரிடம் உள்ளதோ அவரிடமே பொறுப்பும் உள்ளது. உப்பு நீரிலே கிடக்கும் மூலக்கூறு தன் கரைசலைத் தானே தேர்ந்துகொள்வதில்லை; வறியவனும் அவ்வாறே. ஆயின் மூலக்கூற்றுக்கு இல்லாத ஒன்று மனிதருக்கு உண்டு. ஒன்றுசேர்ந்து அவர்கள் தங்கள் சூழலை மாற்றிக்கொள்ளலாம்.

நோயுற்ற பிள்ளையின் படுக்கையருகே இருந்து 'எல்லாம் தலையெழுத்து' என்று கண்ணீர் வடிக்கும் தாயோடு நமக்கு வழக்கில்லை. அவளுக்கு அச்சொல் ஒரு கைத்தடி. வேறொன்று கொடுக்குமுன் அதனைப் பறிப்பது மனிதத்தன்மையன்று. மருந்தையும் உணவையும் கல்வியையும் மறுத்துவிட்டு, அவளிடம் அச்சொல்லை நீட்டுவோரோடுதான் நமது வழக்கு. அவர்கள் பிரமனின் பெயரால் நீட்டினாலும், விஞ்ஞானத்தின் பெயரால் நீட்டினாலும் வழக்கு ஒன்றே.

இரட்டைச் சுருளைக் கரும்பலகையிலே வரைகின்ற ஆசிரியர்கள், அதனருகே நாற்புரியையும் வரைதல் நன்று. எழுத்து உண்டு, ஆனால் எழுத்துமட்டும் எதனையும் தீர்ப்பதில்லை என்பதை மாணவர் அதனாற் காண்பர். கண்டபின், தம்மைச் சூழ்ந்த நிலைமைகளை யார் ஆக்கினர் என்று அவர்கள் கேட்பர். அக்கேள்வியைத் தடுக்காதிருப்பதே இன்று நம் முன்னுள்ள கடமை.